நெருஞ்சி தின்ற ஆடும் நுண்பாசியின் பச்சையமும்

டர்பனின் தென்பகுதியில், சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பு முடிந்த ஒரு மதியம், பேரனை அழைத்துப்போக வந்த அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து கரும்பச்சைத் தூள் அடைத்த பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "தம்பி, நீங்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர்தானே? கடல்பாசியிலிருந்து பச்சையை எடுத்து உடம்புக்குள் செலுத்தி, அதன்மேல் வெளிச்சம் காட்டிக் கேன்சரைக் கரைக்கிறார்களாமே, அது இதுதானா? எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஒரு கரண்டி கலக்கிக் கொடுக்கிறோம்" என்றார். வீட்டில் யாருக்கு நோய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொட்டலத்தின்மேல் ஸ்பைருலினா என்று, ஒரு நுண்பாசியின் பெயர், எழுதியிருந்தது.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. பச்சையத்திலிருந்து செய்த மருந்தை நோயாளியின் ரத்தத்தில் செலுத்தி, கட்டியின்மேல் செவ்வொளி பாய்ச்சி அதை அழிக்கும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. அத்தகைய மருந்துகளில் சில ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் முறையான அனுமதி பெற்றவை. ஆனால் அந்த மருந்துக்கும் கரண்டியில் கலக்கிக் குடிக்கும் தூளுக்கும் உள்ள உறவு, பருத்திச் செடிக்கும் நெய்து முடித்த வேட்டிக்கும் உள்ள உறவைவிடத் தூரமானது. அது ஏன் என்பதை வகுப்பறை வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்ல என்னால் முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சையை ஒளியியக்கச் சிகிச்சை என்கிறார்கள். இதற்கு மூன்று பொருள்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும்: ஒளியை உறிஞ்சும் ஒரு நிறமி, அந்த நிறமி உறிஞ்சக்கூடிய அலைநீளமுள்ள ஒளி, திசுவில் இயல்பாக இருக்கும் ஆக்சிஜன். இவற்றில் எந்த ஒன்று குறைந்தாலும் ஒன்றும் நடக்காது. இருட்டில் நிறமி ஏறத்தாழச் சும்மா கிடக்கும்; செவ்வொளி மட்டும் பட்டால் தோல் இலேசாகச் சூடாகுமே தவிரக் கெடாது. வழக்கமான கீமோதெரபி மருந்து ரத்தத்தோடு கலந்து போகும் இடமெல்லாம் வேலை செய்கிறது. இங்கே மருந்து உடம்பு முழுவதும் பரவினாலும், மருத்துவர் ஒளியைக் காட்டும் இடத்தில் மட்டுமே அது விழித்துக்கொள்கிறது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுகலானவை என்பதாலும், வேகமாகப் பெருகும் செல்கள் கொழுப்புப் புரதங்களை அதிகம் இழுத்துக்கொள்வதாலும் நிறமி கட்டியில் சற்று கூடுதலாகத் தங்கும் என்பது மெய்யே. ஆயினும் இந்தச் சிகிச்சையின் குறி தவறாமையில் பெரும்பங்கு ஒளி எங்கே விழுகிறது என்பதைச் சார்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பொட்டலத்திலிருந்து அரைக் கரண்டித் தூளை வாங்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் நிறமற்ற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, பிள்ளைகளுக்குக் காட்டினேன். (நம் ஊர்க் கடைகளில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஊதாச் சாயம் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது.) ஸ்பைருலினாவின் நீல நிறமியான பைகோசயனின் நீரில் மட்டுமே கரையும், அது கசடோடு தாளில் தங்கிவிட்டது. பச்சையம் ஸ்பிரிட்டோடு இறங்கி, கண்ணாடிப் புட்டியில் வாழையிலை நிறத்தில் நின்றது. சன்னல் திரையை மூடிவிட்டு, கள்ளப் பணத்தாளைச் சோதிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஊதா டார்ச்சை அடித்தபோது, பச்சைத் தண்ணீர் குங்குமத்தைக் கரைத்தாற்போலச் சிவப்பாக ஒளிர்ந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் "ரத்தம்!" என்று கத்தினான்.

அந்தச் சிவப்பில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. உயிருள்ள பாசியில் பச்சையம் புரதங்களுக்கு நடுவே ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அது உறிஞ்சும் ஒளியாற்றல் உடனே அடுத்த மூலக்கூறுக்குக் கைமாறி, சர்க்கரை ஆக்கும் வேலைக்குப் போய்விடும். ஸ்பிரிட்டில் கரைந்து தனித்துவிட்ட பச்சையத்துக்கு ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆகவே அது ஒரு பங்கைச் சிவப்பொளியாக வெளியே விட்டெறிகிறது. அதைவிடப் பெரிய மற்றொரு பங்கு, ட்ரிப்லெட் எனப்படும் சற்று நீண்ட ஆயுளுள்ள கிளர்நிலைக்கு நழுவிப்போய், அருகில் வரும் ஆக்சிஜன் மூலக்கூறின்மேல் இறங்குகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் ஒரு விசித்திரமான மூலக்கூறு. அதன் வெளிப்புற எலக்ட்ரான்கள் இரண்டும் ஜோடி சேராமல் ஒரே போக்கில் சுழல்வதால் அது மற்றப் பொருள்களோடு அவ்வளவு எளிதில் வினைபுரியாது. நாம் காற்றில் தீப்பற்றி எரியாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறமி தரும் ஆற்றல் அந்தப் போக்கை மாற்றி, சிங்லெட் ஆக்சிஜன் என்னும் மூர்க்கமான வடிவத்தை உண்டாக்கிவிடுகிறது. அது செல்லின் உறையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் கண்ட மாத்திரத்தில் தாக்கும். நீரில் அதன் ஆயுள் ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு; செல்லுக்குள் அதைவிடக் குறைவு. அதற்குள் அது பயணம் செய்யும் தூரம் செல்லின் குறுக்களவில் நூறில் ஒரு பங்கு அளவே. எனவே நிறமி செல்லின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பகுதியே அடிபடும்: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தால் செல் தானாகச் சுருங்கிச் சாகும், உறையில் இருந்தால் உடைந்து சாகும்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டிய தேவையில்லை. உள்நாட்டு வறண்ட சமவெளியான கரூ நிலத்து ஆட்டுக்காரரைக் கேட்டால் போதும். வறட்சிக்குப் பின் மழை பெய்து, புல் தலையெடுப்பதற்கு முன்னால் தரையோடு படர்ந்துவரும் செடிகளில் ஒன்றை ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்கள் டுவல்கி என்கிறார்கள். வெறுங்காலோடு ஓடிய பிள்ளை எவருக்கும் அதன் முள் தெரியும். அது நம் நெருஞ்சிதான். சூரியன் போகும் திசையெல்லாம் முகம் திருப்பும் பூ என்று பழந்தமிழ்ப் புலவர்கள் பாடியதும், நீர்க்கடுப்புக்குப் பாட்டிமார் கஷாயம் வைப்பதும் இதே செடியைத்தான். மழைக்குப்பின் வெயில் அடித்து அது வாடிநிற்கும் வேளையில் அதை மேயும் செம்மறியாட்டுக்குச் சில நாளில் காதும் உதடும் கண்ணிமையும் வீங்கும், தோல் மஞ்சள் பாரிக்கும், பின் வெடித்துப் பொருக்குத் தட்டும். கீல்டிக்கோப், அதாவது மஞ்சள் தடித்தலை, என்பது அந்த நோயின் பெயர். இந்த நோயால் கரூவில் ஆடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்த ஆண்டுகள் உண்டு.

பிரிட்டோரியாவுக்கு அருகில் 1908இல் ஆர்னல்ட் தைலர் நிறுவிய ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்தில், 1930களில் கிளாட் ரிமிங்டனும் குவினும் இந்த நோயை ஆராய்ந்தார்கள். ஆட்டை வெயிலில் சுட்டெரிப்பது நெருஞ்சியின் நஞ்சு நேரடியாக அல்ல என்று அவர்கள் கண்டார்கள். ஆடு தின்னும் பச்சை எதுவானாலும் அதிலுள்ள பச்சையத்தை அதன் இரைப்பை நுண்ணுயிர்கள் சிதைத்து பில்லோஎரித்ரின் என்னும் நிறமியாக்குகின்றன. நல்ல ஆட்டின் ஈரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். நெருஞ்சியோ ஈரலின் பித்த நாளங்களைக் கெடுத்துவிடுகிறது. போக வழியில்லாத நிறமி ரத்தத்தில் ஏறி, மயிரில்லாத காதுக்கும் மூக்குக்கும் வந்து, அங்கே சூரியனைச் சந்திக்கிறது. நிறமி, ஒளி, ஆக்சிஜன் என்று மேலே சொன்ன மூன்றும் அங்கே கூடிவிடுகின்றன. நோய்ப்பட்ட ஆட்டை உடனே நிழலில் கட்டு என்று ஆட்டுக்காரர்கள் சொல்வது இதனால்தான். ஒளியியக்கச் சிகிச்சை என்பது ஆட்டின் காதில் இயற்கை செய்யும் இந்த வன்முறையை, கட்டியின்மேல் மட்டும், அளவோடு, வேண்டுமென்றே செய்வதாகும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஏனென்றால் பச்சையம் என்றாலே குளுமை, தூய்மை, ஆரோக்கியம் என்று விளம்பரங்கள் நம் காதில் ஓதிவைத்திருக்கின்றன.

ரிமிங்டன் பின்னாளில் லண்டனில் மனிதருக்கு வரும் போர்பிரியா நோய்களின் பெரும் ஆய்வாளராக விளங்கினார். அந்த நோய்களில் ஒரு வகை இந்த நாட்டோடு பிரிக்கமுடியாதது: 1688இல் கேப்பில் மணம்புரிந்த ஒரு டச்சுத் தம்பதியின் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்து, ஆயிரக்கணக்கான தென்னாப்பிரிக்கரின் கைத்தோலை வெயிலில் கொப்பளிக்க வைத்தது அது. போர்ட் எலிசபெத்தில் பணிபுரிந்த ஜெப்ரி டீன் என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய்க் குடும்ப வரலாறுகளைத் திரட்டி அந்த வேரைக் கண்டுபிடித்தார். ரத்தச் சிவப்பைத் தரும் ஹீம் உருவாகும் வழியில் ஒரு நொதி குறைய, இடைநிலை நிறமிகள் உடலில் தேங்குவதே அதன் காரணம். ஹீமும் பச்சையமும் ஒரே அச்சில் வார்த்த வளையங்கள். ஒன்றின் நடுவில் இரும்பு, மற்றதன் நடுவில் மக்னீசியம்.

கடலிலிருந்தும் இதற்குச் சான்று உண்டு. வசந்த காலத்தில் அபலோனி என்னும் கடல்நத்தையின் ஈரலைத் தின்ற பூனையின் காது உதிர்ந்துபோகும் என்று வடக்கு ஜப்பானில் ஒரு பழஞ்சொல் இருக்கிறது. நாம் இங்கே பெர்லமூன் என்று அழைக்கும் கடல்நத்தையின் உறவுதான் அது. பாசியை மேயும் அதன் ஈரலில் பச்சையச் சிதைவான பைரோபியோபோர்பைடு சேர்ந்துவிடுகிறது; பூனையின் காதில் மயிர் குறைவு, வெயிலோ நிறைய. அது வெறும் கதையல்ல என்று ஜப்பானிய வேதியியலர் பின்னர் நிறுவினார்கள். 1977இல் அதே நாட்டில் குளோரெல்லா என்னும் நுண்பாசி மாத்திரையை உண்ட பலருக்கு முகமும் கையும் வெயிலில் வீங்கியபோது, மாத்திரைகளில் அதன் உறவான பியோபோர்பைடு மிகுந்திருந்ததே காரணம் என்று தெரிந்தது. 1981இல் அரசு அதற்கு உச்ச அளவு விதித்தது. பாசித்தூளைக் காயவைக்கும்போதும் சேமிக்கும்போதும் கவனம் தப்பினால் பச்சையம் சிதைந்து இந்தப் பொருள் உண்டாகிவிடும். அக்காவின் பொட்டலத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியிருந்த முதல் எச்சரிக்கை இது.

மருத்துவத்துக்கு இது வந்த வழி நேரானதல்ல. மியூனிக்கில் ஹெர்மன் ஃபோன் தப்பைனரிடம் படித்த ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிர் வெளிச்சத்தில் விரைவாகச் செத்துவிடுவதையும் மங்கலில் பிழைத்திருப்பதையும் கண்டு 1900இல் வெளியிட்டார். 1903இல் தப்பைனர் இயோசின் சாயத்தைத் தோல்கட்டிகளில் பூசி ஒளியில் வைத்துப் பார்த்தார். இந்த வினைக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது என்பதும் அவர் குழுவினர் கண்டதே. 1912இல் ஃபிரெட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ரத்த நிறமியிலிருந்து செய்த ஹெமட்டோபோர்பிரினை 200 மில்லிகிராம் அளவு தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்தார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியது, ஏறத்தாழ இரண்டு மாதம் வெயிலைத் தாங்கமுடியாமல் இருந்தார். சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி இளவெயிலில் உட்காரவைப்பது இவையெல்லாவற்றுக்கும் முந்தையது என்று நம்மவர்கள் சொல்லக்கூடும். நிறமியையும் ஒளியையும் சேர்த்த அறிவு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலுள்ள சோரலென் புறஊதா ஒளியில் நேராக மரபணுவோடு பிணைவது, ஆக்சிஜனை நம்பியிருப்பதல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தாமஸ் டஹர்ட்டி 1970களில் இந்த முறையைப் புற்றுநோய்க்கு ஒழுங்குபடுத்தினார். அவர் உழைப்பிலிருந்து வந்த ஃபோட்டோஃப்ரின் 1993இல் கனடாவிலும் 1995இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கால்நடை ரத்தத்தின் ஹீமிலிருந்து செய்த மருந்து அது. ஊசி போட்டு இரண்டு நாள் பொறுத்து, 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரை உணவுக்குழாய்க்குள் செலுத்துவார்கள். அதன் குறை இரண்டு. அந்த அலைநீளத்தில் அது ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். தோலில் நெடுநாள் தங்குவதால் நோயாளி குறைந்தது ஒரு மாதம் வெயிலுக்கு ஒளிந்து வாழவேண்டும். டர்பன் கோடையில் அது எப்படிப்பட்ட தண்டனை என்பதை நாம் அறிவோம்.

பச்சையத்தின் மேன்மை இங்கேதான் தெரிகிறது. நம் கையை டார்ச்மேல் வைத்து அழுத்தினால் விரல் சிவப்பாகத் தெரிவதைக் குழந்தையும் பார்த்திருக்கும்: நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் கடந்து வருகிறது. எவ்வளவு கருஞ்சிவப்போ அவ்வளவு ஆழம். 630இல் சில மில்லிமீட்டர் மட்டும் இறங்கும் ஒளி, 750 அளவில் ஒரு சென்டிமீட்டரை நெருங்குகிறது. ஹீமின் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு குறைந்தால் பச்சையத்தின் குளோரின் வளையம் கிடைக்கும் (குடிநீரில் கலக்கும் குளோரின் வாயுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது). அது 660 நானோமீட்டரை ஒட்டி ஃபோட்டோஃப்ரினைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலுவாக ஒளியை வாங்கும். இன்னோர் இரட்டைப் பிணைப்பும் குறைந்தால் சில பாக்டீரியாக்களின் பச்சையம். அது 750ஐத் தாண்டிப் போகும்.

அப்படியானால் கீரையிலிருந்து எடுக்கலாமே, கடலுக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்கலாம். கீரையில் பச்சையம் ஏ, பி என்று இரண்டு வகை கலந்திருக்கும். அவற்றைப் பிரிப்பது செலவு. ஸ்பைருலினாவில் ஏ மட்டுமே உண்டு. கடலில் வாழும் நுண்பாசியான நானோக்ளோராப்சிஸிலும் ஏ மட்டுமே. மீன்குஞ்சுப் பண்ணைகளில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிருக்குத் தீனியாக அதை வளர்ப்பார்கள். டயட்டம் என்னும் பழுப்பு நுண்பாசிகளில் ஏயோடு சி வகையும் இருக்கும். ஹெர்மானஸ் பக்கத்துப் பெர்லமூன் பண்ணைகளில் குஞ்சு நத்தைகள் தகட்டிலிருந்து சுரண்டித் தின்னும் பழுப்புப் படலம் டயட்டம்தான். விளைநிலம் கேட்காமல், உப்புநீரில், நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் உயிர்கள் இவை. வெட்டுக்கும் விதைப்புக்கும் பருவம் பார்க்கவேண்டியதில்லை. ஒளியையும் சத்தையும் கூட்டிக் குறைத்தால் ஒரு செல்லில் எவ்வளவு நிறமி இருக்கவேண்டும் என்பதையே மாற்றிவிடலாம்.

எடுத்த பச்சையம் அப்படியே மருந்தாகாது. அதன் மக்னீசியம் சிறிது அமிலம் பட்டாலே கழன்றுவிடும். புளி ஊற்றிய கீரை பழுப்பாவது அதனால்தான். அதன் நீண்ட கொழுப்பு வாலையும் வெட்டினால் பியோபோர்பைடு ஏ. நீரில் கரையாத அது ஒன்றோடொன்று ஒட்டிக் குவியும். குவிந்த நிறமி ஒளியை வாங்கினாலும் ஆக்சிஜனுக்குத் தராமல் வெப்பமாக வீணாக்கிவிடும். காரம் சேர்த்து அதன் ஐந்தாம் வளையத்தைத் திறந்தால் மூன்று அமில முனைகளுள்ள குளோரின் இ6 கிடைக்கிறது. இது நீரில் கரைவது எளிது. அதனோடு அஸ்பார்ட்டிக் அமிலத்தைப் பிணைத்தது டாலபோர்ஃபின்: ஜப்பானில் தொடக்கநிலை நுரையீரல் புற்றுக்கும், 2013இல் மூளைக்கட்டிக்கும், 2015இல் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அனுமதி பெற்றது. ஊசிக்குப் பின் சில மணி நேரத்திலேயே 664 நானோமீட்டர் ஒளி பாய்ச்சலாம். வெயிலுக்கு அஞ்சவேண்டிய காலமும் சுமார் இரண்டு வாரமாகச் சுருங்குகிறது. ரஷ்யாவில் பயன்படும் ராடக்ளோரின் ஸ்பைருலினாவிலிருந்தே செய்வது. ஆக, அக்காவின் பொட்டலத்திலிருந்து மருத்துவமனைக்கு ஒரு பாதை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அமிலம், காரம், பலகட்டத் தூய்மையாக்கல், எடைக்கு எடை அளந்த ஊசி, அதன்பின் லேசர் என்ற வழியே போகிறது, கரண்டியின் வழியே அல்ல.

இந்த வரிசையில் மிக நுட்பமானது பாசியிலிருந்து வந்ததன்று. கடலில் வாழும் ஊதா பாக்டீரியாவின் பச்சையத்திலிருந்து இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அவிக்டோர் ஷெர்ஸும் யோரம் சாலமனும் உருவாக்கிய படெலிபோர்ஃபின். 2017 நவம்பரில் ஐரோப்பா இதைத் தீவிரம் குறைந்த பிராஸ்டேட் புற்றுக்கு அனுமதித்தது. மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய ஒளியிழைகளைப் பிராஸ்டேட்டுக்குள் செருகி, பத்து நிமிடம் மருந்தை ஏற்றியபின் 753 நானோமீட்டர் ஒளியை 22 நிமிடத்துக்குச் சற்று மேல் பாய்ச்சுவார்கள். மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியேறுவதேயில்லை. ஒளி பட்ட குழாய்கள் அடைபட்டுக் கட்டி பட்டினியால் சாகிறது. 413 ஆண்களிடம் ஐரோப்பாவில் நடந்த சோதனையில், இரண்டு ஆண்டில் நோய் முற்றியவர்கள் சிகிச்சை பெற்றோரில் 28 விழுக்காடு, கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 58 விழுக்காடு. அதே மருந்தை 2020இல் அமெரிக்க ஆலோசனைக் குழு பெரும்பான்மையாக ஏற்க மறுத்தது. தீவிரமில்லாத புற்றைக் கண்காணித்தாலே போதும் என்ற நிலையில், அதற்கு இந்தச் சிகிச்சை தேவையா என்பதே அங்கே எழுந்த கேள்வி. நல்ல மூலக்கூறு வேறு, நல்ல மருத்துவம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மறுபடி தூளுக்கு வருவோம். பாசி முட்டாளல்ல, நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் அது, தன் பச்சையமே தன்னைச் சுடாமலிருக்கக் கரோட்டினாய்டு நிறமிகளைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. சிங்லெட் ஆக்சிஜனைப் பிடித்து அடக்குவதே அவற்றின் வேலை. டூனலியெல்லா என்னும் உப்பளப் பாசி உப்பு ஏற ஏறச் செம்மஞ்சளாவதும் இதற்காகவே. வெயில் தாங்காத ஒருவகைப் போர்பிரியா நோயாளிகளுக்கு பீட்டா கரோட்டின் கொடுப்பதும் இதே காரணத்தால். எனவே முழுத் தூளில் வாளும் கேடயமும் சேர்ந்தே இருக்கின்றன. வெளிச்சம் காட்டினாலும் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். திரவப் பச்சையம் என்று புட்டியில் விற்பதன் கதை இன்னும் வேடிக்கையானது: அது பெரும்பாலும் மக்னீசியத்துக்குப் பதில் செம்பு ஏற்றிய குளோரோபிலின், மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் போடும் பச்சைச் சாயம். செம்பு நடுவில் உட்கார்ந்தால், உறிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனை எட்டுமுன்பே அணைந்துவிடும். சிகிச்சைக்கு வேண்டிய அந்த ஒரே குணத்தை நீக்கிவிட்டே அதை விற்கிறார்கள்.

பாசியின் பொருள் புற்றுச் செல்லைக் கொன்றது என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, எங்கே கொன்றது என்று முதலில் பார்க்கவேண்டும். கண்ணாடித் தட்டில் ஒரே படலமாக ஒட்டிய செல்களுக்கு நிறமி சீராகக் கிடைக்கிறது, ஒளி தடையின்றி விழுகிறது, காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருக்கிறது. மூன்றும் கூடும் வாய்ப்பு அங்கே நூற்றுக்கு நூறு. உடம்பிலுள்ள கட்டியின் நடுப்பகுதியோ ஆக்சிஜன் வறண்டது. சிகிச்சை தொடங்கியதும் இருக்கும் கொஞ்சத்தையும் அதுவே தின்றுவிடும், அதனால் மருத்துவர்கள் ஒளியை விட்டுவிட்டுக் காட்டுவதும் உண்டு. ஈரலிலும் எலும்பிலும் பரவிவிட்ட நோயைத் துரத்த ஒளியால் முடியாது. எட்டக்கூடிய இடத்தில் உள்ள கட்டிக்கு இது நல்ல ஆயுதம்: தோல், வாய், மூச்சுக்குழல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை. அங்கே தழும்பு குறைவு, கதிர்வீச்சைப்போல ஆயுளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இல்லை, தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம்.

தென்னாப்பிரிக்கா இந்தத் துறையில் வேடிக்கை பார்க்கும் நாடல்ல. மக்கண்டாவிலுள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில், லெசோத்தோவில் பிறந்த டெபெல்லோ நியோகோங் ஜீன்ஸ் துணியின் நீலத்தை நினைவூட்டும் தாலோசயனின் சாயங்களைக் கொண்டு இச்சிகிச்சைக்கான ஒளியுணர் நிறமிகளைச் செய்துவருகிறார். 2009இல் லோரியல்-யுனெஸ்கோ விருது பெற்றார். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வு மையத்தில் ஹைடி ஆபிரகாம்சேயின் குழு இத்துறையில் நெடுங்காலமாக உழைக்கிறது. மூலக்கூறுக்கு இங்கே பஞ்சமில்லை. 2017இல் மனித உரிமை ஆணையம் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோய் மருத்துவர்களும் இயங்கும் கதிர்வீச்சுக் கருவிகளும் போதாமையால் நோயாளிகளின் உரிமை மீறப்படுகிறது என்று அறிக்கை வெளியிட்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இருக்கும் கருவியையே ஓட்டமுடியாத இடத்தில், மின்வெட்டு வந்தால் நின்றுபோகும் லேசரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு எரிச்சலூட்டலாம். ஆனால் நெடுங்கால வெயிலால் தோலின் மேற்பரப்பில் வரும் சொரசொரப்பான தடிப்புகளுக்கு மருந்துக் களிம்பைப் பூசிவிட்டு இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்திலேயே உட்காரவைக்கும் முறை ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மின்சாரம் கேட்காத அந்த ஒளி நம்மிடம் அங்கிருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆய்வுப் பணம் முதலில் அங்கே போகவேண்டும் என்பது என் எண்ணம்.

அக்காவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. தூளைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஒளிச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தொடங்குவதாக இருந்தால் அவரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட வேண்டாம், வெயிலில் தோல் எரிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். "அப்போ இது மருந்தில்லை" என்றார். "மருந்துக்கு மூலப்பொருள், அக்கா" என்றேன். பொட்டலத்தை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

பிள்ளைகளுக்குக் காட்டிய புட்டியை அன்று சன்னலோரம் மறந்து வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை திறந்தபோது வாழையிலைப் பச்சை போய், வடித்து வெகுநேரமான தேயிலைத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. ஊதா டார்ச் அடித்தால் சிவப்பு அரைகுறையாகவே தெரிந்தது. தான் உண்டாக்கிய சிங்லெட் ஆக்சிஜனிடமே அடிபட்டு நிறமி வெளுத்துவிட்டது. சிகிச்சை நடக்கும்போதும் இதுவே நிகழ்கிறது: கட்டியிலிருந்து வரும் அந்தச் சிவப்பொளிர்வு மங்க மங்க, எவ்வளவு நிறமி செலவாகியிருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஒளி தரவேண்டும் என்பதைக் கருவி வைத்து அளக்க முடிகிறது.